நத்தை ஆறு

சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு.
ஊரில் யாரும் அதை நினைப்பதில்லை.
முதலாண்டு வகுப்பில், உட்காதுக்குள்
நத்தை ஒன்று சுருண்டிருப்பதைப் பலகையில் வரைந்தார்கள்.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது,
பிறந்த ஊரையே பாடமாக வைத்துவிட்டார்களே என்று.

கோலாலம்பூரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு.
பச்சிளங்குழந்தைக்கு ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று,
காதிரைச்சலுக்குக் கோடியில் ஒன்று,
உள்ளே பதிக்கும் கருவிக்கு மூன்றாம் மாடி.
கதவு மாறி உட்கார்ந்தால் எண்ணைக் கிழித்து
வேறு எண் தருவார்கள்.
இங்கே, செவ்வாய்க்கிழமைகளில்,
ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேலே ஓர் அறை,
சத்தம் புகாத ஒரு கூண்டு, நான்.
ஏறிவர ஒரே மரப்படி.

காலையில் முதலில் வந்தது பன்னிரண்டு நாள் குழந்தை.
அது தூங்கும்வரை தாயும் நானும்
மூச்சைக்கூடக் கடன் வாங்கி விட்டோம்.
காதுக்குள் சின்னதாய் ஒரு சொடுக்கொலி அனுப்பிவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
நல்ல காது சும்மா வாங்கிக்கொள்ளாது,
தன் பங்குக்கு ஓர் ஒலியைத் திருப்பித் தரும்.
வலது தந்தது.
இடதில், கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுத்தார்கள்.
மறுபடி வைத்தேன்.
மறுபடி.
"அடுத்த செவ்வாய் இடது காதை மட்டும் கொண்டு வாங்க" என்றேன்,
விளையாட்டாக.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

காப்பிக்கடை சூ லெங்குக்குப் படுத்தால் கூரை சுற்றுகிறது.
தலையைப் பிடித்துச் சாய்த்து, திருப்பி, உருட்டி,
இடம் பெயர்ந்த சுண்ணாம்புத் துகளை வீட்டுக்கு அனுப்பினேன்.
"நிற்க வைப்பதும் காதுதானா?" என்று மலாயில் கேட்டார்.
ஃபீஸோடு, பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ வந்தது.

நான்காம் வகுப்புத் துளசிநாதன் வந்தது புகாரோடு.
அவன் கருவிக்காக டீச்சர் கழுத்தில் மாட்டும் மைக்கை
அவர் அணைக்க மறந்துவிடுகிறார்.
ஆசிரியர் அறையில் யார் யாரைப் பேசுகிறார்கள் என்பது
பள்ளியிலேயே அவனுக்குத்தான் தெரியும்.
"அணைக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.
யோசித்தான்.
"வேணாம்."

மூன்று மணிக்கு எண்ணெய் ஆலையிலிருந்து சவரிமுத்து.
இருபத்தாறு வருஷம் பாய்லர்.
கையில் கம்பெனி பாரம், இரண்டே கட்டங்கள்:
தகுதி. தகுதியில்லை.
கூண்டில் உட்கார்ந்தார். ஒவ்வோர் ஒலிக்கும்
தவறாமல் பொத்தானை அழுத்தினார்.
கோடு நேராக ஓடியது, பதினெட்டு வயதுப் பையனின் கோடு.
அப்புறம்தான் கவனித்தேன்:
கண்ணாடி வழியே அவர் பார்த்தது என் தோளை.

உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

நாலாயிரத்தில் கோடு கிணற்றில் விழுந்தது.
அங்கே அனுப்பியதெல்லாம் அவரைத் தொடாமல் போனது.
அவர் முதுகு மட்டும் தெரிந்தது,
பொத்தான்மேல் கட்டைவிரல், அசையாமல்.

சுவரைப் பார்த்தபடியே, ஆலைக்குள் பேசும் குரலில் சொன்னார்:
"பாய்லர நான் காதால கேக்கறதில்ல, மிஸ்ஸி.
பைப்புல உள்ளங்கைய வைப்பேன்.
அது என்கிட்ட பொய் சொன்னதில்ல."

உள்ளங்கைக்கு என் படிப்பில் கதவு இல்லை,
பாரத்தில் கட்டமும் இல்லை.
கண்டதை எழுதினேன்.
சொக்சோ மனுவை எப்படிப் போடுவது என்று
முகம் பார்த்து, மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன்.
தலையாட்டினார். எதற்கு என்று தெரியவில்லை.

அவர் போன பிறகுதான் மேசையில் ஐசி.
ஓடிப்போய்ப் படித்தலையில் நின்று பெயரைக் கூப்பிட்டேன்.
ஃபோட்டோஸ்டாட் கடைக்காரர் நிமிர்ந்தார்.
தெருவில் மோட்டார் சைக்கிள்காரன் திரும்பினான்.
சவரிமுத்து இறங்கிக்கொண்டே இருந்தார்,
கை மரக் கைப்பிடியில்.

குனிந்து, கைப்பிடியின் என் முனையில்
ஒரே ஒரு தட்டு.

திரும்பிவிட்டார்.