பார்த்து

படிவத்தின் ஐந்தாம் கட்டம்:
நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் எழுதவும்.
மனத்தில் தமிழில் எழுதி
தாளில் ஆங்கிலத்தில் இறக்கினேன்.
நீர்நாயைப் பார்த்து பிரேக் போட்டேன்.
இரண்டு வினை, நடுவில் ஒரு மூச்சு.

ஹஸ்லின்டா திரையை என் பக்கம் திருப்பினாள்.
காலை ஆறு ஐம்பத்தொன்று. காலாங் ஆற்றோரம்.
நொடிக்கு இருபத்தைந்து படம்.
மூன்றாம் படத்தில்
முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையில்
வேலிக்கம்பிகளுக்கு நடுவே ஈரப் பழுப்பில் ஒரு கறை,
அரிசி அளவு.
நாலாவதில் புதர் மறைத்துவிட்டது.
பதினாலாவதில் என் சப்பாத்து பிரேக்கின் மேல்.
பத்தொன்பதாவதில்தான் நடுச்சாலையில் நீர்நாய்,
மீசையோடு, பின்னால் இரண்டு குட்டி,
வேலைநாள் காலை என்பது தெரியாத நடை.

"பார்த்திருக்கிறீர்கள், இதோ" என்கிறாள்.
இன்னொரு கேமராவில் என் முகம்.
கண்கள் அடுத்த நிறுத்தத்தில்
கைநீட்டி நிற்கும் பையன்மேல்.
வாயில் கொட்டாவியின் கடைசிப் பகுதி.
பார்க்கிறவள் முகமில்லை அது.

சத்தியமாகச் சொல்கிறேன்,
பஸ் நின்றது.
மேடம் டியோ விழுந்தார்.
அவர் பையிலிருந்த தவ் ஹுவே
சர்க்கரைப்பாகோடு சீட்டுக்கடியில் ஓடியது.
அதற்குப் பிறகுதான் நான் வந்தேன்.
வந்து,
முதலிலிருந்தே அங்கே இருந்தவள்போல
உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவே பதினொரு படம்.
அதுவரை யார் ஓட்டியது?

உயர்நிலை இரண்டில் மனப்பாடம் செய்தது:
குறிலுக்கு ஒரு மாத்திரை,
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
நெடிலுக்கு இரண்டு. ஒற்றுக்கு அரை.
அரை இமைப்பை எப்படி அளப்பது என்று
நானும் ரோகிணியும் சிரித்து
வகுப்புக்கு வெளியே நின்றோம்.
காலத்தை அளக்கக் கண்ணை மூடச் சொன்ன இலக்கணம்
திறந்திருக்கும் கண்ணுக்கு
நான் எத்தனை மாத்திரை பிந்தி வருவேன் என்று
சொல்லித்தரவில்லை.

சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.
நொடிமுள் நின்றிருந்தது.
பழுதோ என்று நினைப்பதற்குள் நகர்ந்தது.
எப்போதும் இப்படித்தான், முதல் நொடி மட்டும் நீளம்.
கண் திரும்பிய வழிச்செலவையும்
அந்த நொடியின் பேரிலேயே எழுதிவிடுகிறார்
உள்ளே ஒரு குமாஸ்தா.
கணக்கு இடிக்காது. கேள்வி வராது.

நாலே காலுக்கு நான் கதவைச் சாத்தும்போது
செந்தூரன் போர்வைக்குள்ளிருந்து சொல்வது ஒரே சொல்:
பார்த்து.
பார்த்து என்ன செய்ய என்று முடிப்பதில்லை.
எச்சமாகவே விட்டுத் தூங்கிவிடுவான்.
வினைமுற்று என் வலது காலில் இருக்கிறது போலும்,
எனக்கே சொல்லாமல்.

ஐந்தாம் கட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்.
பிரேக் போட்டேன். பிறகு பார்த்தேன்.
ஹஸ்லின்டா சிரிக்கவில்லை.
மேடம் டியோவின் மணிக்கட்டில் மயிரிழை விரிசல்,
காப்புறுதிக்காரர்களுக்கு
ஒழுங்கான வரிசை வேண்டும் அக்கா, என்றாள்.
புதிய தாள் தந்தாள்.
பழைய வாக்கியத்தையே அதில் எழுதினேன்.
இந்த முறை கை தயங்கவில்லை.
மாலைக்குள் எனக்கே
நீர்நாயின் முகம் முதலில் வர ஆரம்பித்தது,
பிறகு பிரேக்.

இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் அதே தடம்.
ஆறு ஐம்பது.
வேலி, புதர், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரர்,
ஆற்றின்மேல் பால்நிற வெளிச்சம்.
பஸ் மெதுவாகிறது.
கைப்பிடிகளில் எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்து
நிமிர்கிறார்கள்.
இடது மூலையை ஒருமுறை, இன்னொருமுறை
தேடிப் பார்க்கிறேன்.

ஒன்றுமில்லை,
எனக்குத் தெரிந்து.