ஆணி அடிக்கக் கூடாது

படியேறும்போதே சொல்லிவிட்டார் புரோக்கர் பரந்தாமன்:
'நூத்தி அறுபது வருஷம்மா இந்த வீட்டுக்கு.
கைப்பிடியில மட்டும் சாயாதீங்க.'

லபோர்த் வீதி, முதல் மாடி.
ஒரு காலத்தில் ஒரே கூடம்,
விருந்து நடக்குமளவு.
இப்போது ப்ளைவுட் வைத்து
நான்காக நறுக்கியிருக்கிறார்கள், கேக் மாதிரி.
பலகை பத்தடியோடு நின்றுவிடுகிறது.
அதற்கு மேல் காற்றும்
மீன் பொரிக்கும் வாசனையும் பொது.
தேக்கு உத்திரங்கள்
என் அடுப்புக்கு மேல் தொடங்கி
யாருடைய கட்டிலுக்கு மேலோ போய் முடிகின்றன.

வாடகை ஒன்பதாயிரம். அட்வான்ஸ் பத்து மாசம்.
வீட்டுக்காரர் மரிலூயி சிங்கராயர்,
சொல்தா ஒருவரின் மகன், இருப்பது துலூஸில்.
வாட்ஸப்பில் முகம் காட்டினார். பின்னால் மழை.
தனியாகவா, கணவர் எங்கே,
சைவமா, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று
மஞ்சக்குப்பத்திலும் முத்தியால்பேட்டையிலும்
ஏழு வீடுகள் கேட்ட எதையும் கேட்கவில்லை.
கேட்டது ஒன்றுதான்:
'சுவத்துல ஆணி அடிப்பீங்களா?'

ஒப்பந்தத்தில் அது ஒன்பதாம் விதி.
பத்து: தெருப்பக்கம் துணி காயப்போடக் கூடாது.
பதினொன்று: தெருப்பக்க ஜன்னலின் இரு கதவுகளும்
ஒன்றாகத் திறந்து ஒன்றாகச் சாத்தப்பட வேண்டும்,
கட்டடத்தின் அழகு கருதி.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன்,
ஜன்னலின் நட்டநடுவில் வந்து முட்டி நிற்கிறது பலகை.
இடக் கதவு எனக்கு.
வலக் கதவு அந்தப் பக்கத்து ஆளுக்கு.
மேலே அரைவட்டத்தில்
ஏழு இதழ் வண்ணக் கண்ணாடி.
மூன்றரை என் பங்கு.

முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்குப்
பலகையில் இரண்டு தட்டு.
திற என்று அர்த்தமென்பது
மூன்றாம் நாள்தான் புரிந்தது.
அதிலிருந்து அப்படித்தான்.
காலையில் அவர் தட்டுவார், இருவரும் தள்ளுவோம்.
மருந்துக்கடை ஷட்டர் இறக்கிவிட்டு வந்து
இரவில் நான் தட்டுவேன், இருவரும் இழுப்போம்.
முகம் தெரியாது.
கரண்ட் பில்லில் பெயர் அ. செங்கேணி.
வறட்டு இருமல். அதற்கு எந்த சிரப் என்று
பலகைக்கு மேலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

கீழே தினமும் ஒரு கல்யாண ஜோடி
மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்கும்.
கேமராக்காரன் அண்ணாந்து பார்த்து
'செம ஜன்னல்டா' என்பான்.
அந்தப் படங்களிலெல்லாம்
ஒரே வீட்டில் வாழ்கிறோம்
நானும் செங்கேணியும்.

ஆடியில் ஒரு நாள் தட்டு வரவில்லை.
பொறுத்துப் பார்த்து நானே தட்டினேன்.
பிறகு என் கதவை மட்டும் தள்ளினேன்.
'அக்கா, இன்னொண்ணையும் திறங்களேன்!'
கீழிருந்து கத்தினான் கேமராக்காரன்.
அது என்னுடையதில்லை தம்பி என்று
தெருவில் நிற்பவனுக்கு எப்படி விளக்குவது.

'காலி பண்ணிட்டார்மா, பத்தாயிரம் ஆக்கிட்டாங்கல்ல'
என்றார் பரந்தாமன்.
'அதையும் நீங்களே எடுத்துக்குங்க.
பலகையைக் கழட்டிரலாம்.
முழு ஜன்னலும் உங்களுக்கு.'
கடை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.
சம்பளம் பதினேழாயிரத்து ஐந்நூறு.
முழு ஜன்னல் போக மிச்சம், மைனஸ்.
மூன்றரை இதழ் போதும் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

நேற்று யாரோ குடி வந்திருக்கிறார்கள்.
பெட்டி இழுபடும் சத்தம்.
ஒரு குழந்தை, அல்லது பூனை.
ஒன்பதாம் விதியை யாரும் வாசித்துக் காட்டவில்லை போல,
ராத்திரி சுத்தியல். நாலு அடி.
விடிந்து பார்த்தால்
பலகையைத் துளைத்துக்கொண்டு
என் பக்கம் அரை அங்குலம் ஆணிமுனை.

மளிகைக்கடைக் காலண்டர்
தையிலிருந்து தரையில்தான் கிடந்தது.
தேதி கிழிக்கக் குனிய வேண்டும்.
எடுத்து மாட்டினேன்.
நின்றது.
நான் அடிக்கவில்லை, திரு. சிங்கராயர் அவர்களே.

ஐந்தே முக்கால்.
பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிற்கிறேன்.
பதில் இல்லை.
இருக்கட்டும்,
எனக்கே மூன்று நாள் ஆயிற்று.