உறைக்கிணறு

மேல்கரைப்பட்டு என்று பலகை இருக்கிறது.
கீழ்க்கரைப்பட்டு எங்கே என்று
மாற்றலாகி வந்த முதல் வாரம் கேட்டேன்.
தலையாரி கன்னியப்பன் ஆற்றைக் காட்டினார்.
பாலாற்றில் தண்ணீர் இல்லை.
நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டில் கீழ்க்கரைப்பட்டுக்கு இன்னும்
நாற்பத்தொரு சர்வே எண்கள்.
தீர்வை: இல்லை.
குறிப்பு: ஆற்றோடு போனது.
எந்த வருஷம் என்று எழுதிய இடத்தில்
கரையான் தின்ற ஓட்டை.

அவர்கள் கிணறு மட்டும் மிச்சம்.
சுட்ட மண் உறைகள், ஒன்றன்மேல் ஒன்று.
நான் வந்தபோது அதன் வாய் மணல் மட்டத்தில் இருந்தது.
லாரிகள் இரவில் வந்தன என்பார்கள்.
பகலிலும் வந்தன.
ஒரு கோடையில் கிணறு முழங்கால் உயரம்,
அடுத்ததில் இடுப்பு,
அப்புறம் ஆள்மேல் ஆள் நின்றாலும் எட்டாது.
ஆம்பூர் ஷூ கம்பெனி வேனுக்கு நின்ற பல்கீஸ் சொன்னாள்:
"எங்க ஊர்லயே பெரிய மாடி அதுதான் சார்."

தீர்த்தகிரி திங்கள்தோறும் மனு கொடுப்பார்.
ஆற்றுக்குள் எனக்கு ஒண்ணரை ஏக்கர்,
அளந்து கொடுங்கள்.
ஒருமுறை சங்கிலியை இழுத்துக்கொண்டு போனோம்.
கல் எதுவும் அகப்படவில்லை.
சர்வேயர் சிரித்தார், பிறகு தாகம் என்றார்.
தீர்த்தகிரி கிணற்றடியில் செருப்பைக் கழற்றினார்,
வீட்டுக்குள் நுழைகிறவரைப் போல.

ஐப்பசிக் கடைசியில் மழை விடவே இல்லை.
ஆந்திராவில் திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் வந்து
டீ ஆறுவதற்குள் ஆறு வந்துவிட்டது.
செம்மண் நிறம். டீசல் வாசனை.
ஸ்டம்ப் போனது. மோட்டார் கொட்டகை போனது.
மணலில் நிறுத்தியிருந்த ஜேசிபி
கையை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுப் போனது.
கரையில் யாரோ விசில் அடித்தார்கள்.

கிணறு நின்றது.
உறை உறையாகத் தண்ணீர் ஏறியதை
மொத்த ஊரும் வாய்விட்டு எண்ணியது:
ஒன்பது, பத்து, பதினொன்று.
விளிம்பைத் தொட்டதும் எண்ணிக்கை நின்றது.
ஊற்றில்லாத கிணற்றுக்குள்
மேலிருந்து தண்ணீர் விழும் சத்தம்,
அத்தனை இரைச்சலிலும்
கேட்டதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சேத அறிக்கை எழுதினேன்.
மனித உயிர்: இல்லை. ஆடு: இரண்டு. குடிசை: ஐந்து.
சாட்சிக் கையெழுத்துப் போட்ட தீர்த்தகிரி
முகவரியில் கீழ்க்கரைப்பட்டு என்று எழுதினார்.
நான் அடிக்கவில்லை.

வெள்ளம் வடிந்தது.
எங்கிருந்தோ வந்த புது மணல்,
கிணறு மறுபடி இடுப்பளவு.
மறுநாள் விடிகாலையில்
அளவு நாடாவோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.
ஒருவர் தீர்த்தகிரி.
மற்றவர் வந்த லாரியின் நம்பர்
எனக்கு மனப்பாடம்.