குறி நான்கு

நாயாற்றுக் களப்பில், தொடுவாயிலிருந்து முந்நூறு மீற்றர் உள்ளே
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது எங்கள் கம்பம்.
கால் மணிக்கொருதரம் நாக்கை நனைத்து
உப்பு, சூடு, உயிர்வாயு, கலங்கல் என்று
நாலு எண்ணை முல்லைத்தீவுக்கு அனுப்பும்.
மழையென்றும் பாராது, பொங்கலென்றும் பாராது.
பத்து வருடம் இப்படி எண்ணவேண்டும் என்பது ஒப்பந்தம்.
இது மூன்றாவது.

அந்த எண்களை நம்பலாமா என்று பார்ப்பது என் வேலை.
ஒன்று: நல்லது. இரண்டு: திருத்தியது. மூன்று: வரவில்லை.
நான்கு: ஐயம்.
கண்ணாடியில் கொட்டலசு குடியேறினால் நான்கு.
பாசி மூடினால் நான்கு.
சூரியத்தகட்டில் காகம் குந்தி எச்சமிட்டு
பற்றரி சோர்ந்தால் அதுவும் நான்கு.

மாசியில் வரைபில் ஒரு முள் முளைத்தது.
விடிய மூன்றே முக்காலுக்குக் கலங்கல் மட்டும்
சடாரென்று எழும்பி நாலரைக்கு அடங்கும்.
காற்றில்லை. வற்றும் பெருக்கும் நாளுக்கு நாள் நேரம் மாற
முள் மாறவில்லை.
ஞாயிறுகளில் இல்லை.
"கடலுக்கு ஏது ஞாயிறு? சென்சரை மாத்துங்கோ"
என்றார் பொறியியலாளர் குகதீசன்.

ஒரு இரவு படுக்காமல் போனேன்.
செம்மலைப் பக்கமிருந்து நெற்றியில் ரோர்ச் கட்டி
ஒருத்தி தண்ணீருக்குள் நடந்து வந்தாள்.
இடுப்பில் பறி, கழுத்தில் மாதா சுரூபம்.
காலால் சேற்றைத் தடவுவதும்
கையால் இறாலை எடுப்பதுமாக வந்து
எங்கள் கம்பத்தைப் பிடித்து முதுகை நிமிர்த்தினாள்.
"உதுக்கு அங்கால தாழும், பிள்ளை.
உதை நட்டாப் பிறகுதான் இவ்வளவு தூரம் வாறன்."
பேர் கொறற்றி.
சங்கத்துப் பட்டியலில் நான் தேடினேன்; இல்லை.

கம்பத்தை நகர்த்தச் சொல்லி எழுதியிருக்கலாம்.
கடிதம் பாதியில் கிடக்கிறது.
காலையில் வந்ததும் முதல் வேலையாக
அவளுடைய மூன்று எண்ணுக்கும் நான்கு போட்டேன்.

சித்திரையில், வருடம் பிறந்த கையோடு,
ஒன்பது நாள் கோடு மட்டம்.
நல்லது, நல்லது, நல்லது.
இவ்வளவு சுத்தமான தரவு இதுவரை வந்ததில்லையென்று
குகதீசன் அறிக்கையின் முன்பக்கத்தில் போட்டார்.
நான் தேத்தண்ணியை ஆறவிட்டு
மூன்றே முக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்க ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை.

பத்தாம் நாள் முள்.
கொஞ்சம் கட்டை; அடங்க நேரமும் கூட.
ஒரு காலை ஆறுதலாக வைக்கிறாள்போல.

நான்கு.
நான்கு.
நான்கு. இன்றைக்கு இன்னுமொரு நான்கு.