எழுதட்டோ

ஒட்டுசுட்டான் சந்தியில் அரியரத்தினத்தின் கடை.
சீனி, பருப்பு, ஒரு பெட்டி நுளம்புத்திரி,
எல்லாத்தையும் மேசையில் தள்ளிவிட்டு
காதில் செருகின பேனையை எடுப்பார்.
கொப்பியை விரிப்பார்.
பிறகு நிமிர்ந்து ஒரு சொல்:
"எழுதட்டோ?"

நல்ல மனிசன் எண்டு சொல்ல வரேல்ல.
போன மாரியில் நான் ஓம் எண்டது ரெண்டு தேங்காய்க்கு.
கொப்பியில் காய்ச்சது நாலு.
சண்டை பிடிச்சன். வெட்டினார்.
வெட்டின கோடு இப்பவும் அந்தப் பக்கத்தில் கிடக்குது,
நானும் பார்க்கலாம், அவரும் பார்க்கலாம்.

சித்திரை வெக்கையில் போனில் ஒரு மின்விசிறி வாங்கினன்.
கரண்ட் நிண்டாலும் சுத்துமாம்.
மதுரிகாவுக்குச் சோதனை.
முத்தையன்கட்டு வளைவில் வழிதவறி
கொரியர் பெடியன் மூண்டுதரம் கோல் எடுத்தவன்.
நாலாயிரத்து எழுநூறை எண்ணிக் கையில் வைச்சன்.
ஐம்பது ரூபா மாத்தக் காசில்லை எண்டான்.
போகட்டும்.
கணக்கு அதோட முடிஞ்சுது.

அடுத்த நாள் போனில் ஒரு செய்தி:
வாழ்த்துகள் திருமதி கமலலோஜினி!
உங்கள் கடன் கணக்கு திறக்கப்பட்டது.
எல்லை அறுபதாயிரம் ரூபா.
என்னை ஆரும் வாழ்த்திக் கனகாலம்.
மகளுக்குக் காட்டிச் சிரிச்சன்.

ஆடியில் கணக்கு வைச்சிருக்கிறதுக்குக் கட்டணம்.
ஆவணியில் கட்டணம் கட்டாததுக்குத் தண்டம்.
புரட்டாதியில் தண்டத்துக்கு வட்டி.
வாங்காத சாமான் ஒண்டு
வீட்டுக்குள்ள மாதம் மாதம் வளருது.
கச்சான் தோட்டத்துக்குப் பம்ப் வாங்க வங்கிக்குப் போனால்
அந்தத் தம்பி திரையைத் திருப்பிக் காட்டுறான்:
"கிரிப்பில உங்கட பேர் நிக்குது, அக்கா."

தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.
அழுத்தினன்.
சிங்களப் பாட்டு. நல்ல பாட்டுத்தான்.
பதினேழு நிமிசம் கேட்டன்.
பிறகு ஒரு பிள்ளை, களைச்ச குரல்:
"நீங்கள் சம்மதம் தந்திருக்கிறீங்கள், அம்மா."
எங்க?
"முகவரிக்குக் கீழ பெட்டி ஒண்டு. அதில சரி போட்டிருக்கு."
நான் போடேல்லையே.
"அது போட்டபடிதான் வரும்.
நீங்கள் எடுக்கேல்ல."

எடுக்கேல்ல.

பிள்ளை, உமக்குத் தெரியாது.
பதினைஞ்சு வருசமாய் ஒரு படிவத்தில்
நான் கையெழுத்து வைக்கேல்ல.
கந்தோரில் கிளாக்கர் பேனையைத் திறந்து நீட்டுவார்,
நான் பார்த்துக்கொண்டு இருப்பன்,
மூடுவார்.
வைச்சால் காசு வரும் எண்டார்கள்.
வைச்சால் அவர் செத்தவர்.
மூண்டு கிளாக்கர்மார் மாறிப் போச்சினம்,
அந்தக் கட்டம் இன்னும் வெள்ளை.
அப்பிடிக் காத்த கை இது.
இதின்ர பெருவிரல் கண்ணாடியில் வழுக்கின நேரம் பார்த்து
என்ர ஓமை எடுத்துக்கொண்டு போயிருக்கிறியள்.

இதெல்லாம் நான் சொல்லேல்ல.
கணக்கை மூடுங்கோ எண்டு மட்டும் சொன்னன்.

மூட வேணுமெண்டால்
அடையாள அட்டை, ரெண்டு பக்கமும்.
கிராம சேவகரின் கடிதம்.
நிலுவை முழுக்கக் கட்டின துண்டு.
கறுப்பு மையில் முழுக் கையொப்பம்,
அட்டையில் இருக்கிற மாதிரியே.
"உண்மையாகவே மூட விரும்புறீங்களா, அம்மா?
ஓம் எண்டு வாயால சொல்ல வேணும்.
பதிவு செய்யிறம்."

திறக்கும்போது ஒருதரும் கேளாத எல்லாத்தையும்
மூடும்போது கேட்டார்கள்.

மின்விசிறி சுத்துது, குறை சொல்லேலாது.
இரவில் அதின்ர பச்சை லைட்
நுளம்புவலைக்கு வெளியில் முழிச்சிருக்கும்.
நான் எழும்பித் துணி போட்டு மூடுறனான்.

நேற்றுப் பின்னேரம் சந்திக்குப் போனன்.
ஒரு கிலோ மா, மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.
அரியரத்தினம் பேனையை எடுத்தார்.
கொப்பியை விரிச்சார்.
"எழுதட்டோ?"

எனக்கு வாய் வரேல்ல.
பின்னால ஆரோ சில்லறையைக் குலுக்கினம்.
அவர் பேனையை மேலேயே பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

அண்ணை,
இன்னொருக்காக் கேளுங்கோ.