எடையில்லாத சரக்கு

கோலகெட்டில் செம்பனை ஆலையில்
லோரிகளை எடைபோடுகிறேன்.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்தால் குலைகளின் கணக்கு.
இருபத்தாறு வருடத்தில் என் எடைப்பாலத்தைச்
சீட்டில்லாமல் கடந்த சரக்கு கிடையாது
என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை இடது விலாவில் ஒரு தீ.
உள்ளாடைப் பட்டி அறுக்கிறதென்று நினைத்தேன்.
வெள்ளிக்கிழமை அதே இடத்தில்
முத்து முத்தாய் நீர் கோத்து,
முதுகில் தொடங்கித் தொப்புளுக்கு முன்
கோடு கிழித்தாற்போல் நின்றது.
அக்கி என்றாள் எதிர்வீட்டு மரகதம்.
பாம்பு என்றார் மளிகைக்கடை தவுக்கே,
தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் காலி,
பார்த்துக்கொள் என்று மீதிச் சில்லறை தந்தார்.

கிளினிக்கில் டாக்டர் ஹஃபிஸா மட்டும் கேட்டார்:
சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா?

போட்டிருந்தது.
எனக்கு ஏழு, பூங்கோதைக்கு ஒன்பது.
முதலில் அவளுக்கு. ஒரே பாய், ஒரே போர்வை,
அவள் இருமியதை நான் இழுத்தேன்.
லயத்து வாசலில் வேப்பிலை கட்டி, மீனை நிறுத்தி,
மூன்றாம் தண்ணீர் ஊற்றி
ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள்.

இறங்கவில்லையாம்.

மூச்சோடு நுழைந்த அதற்குக்
கையில்லை, அடுப்பில்லை, மெஷின் இல்லை.
இருந்தது ஒரே ஒரு சீட்டு.
என் உயிரணுவின் மேசையில் அதை வைத்ததும்
உள்ளே இருந்தவர்கள் கேள்வி கேட்காமல்
படியெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்,
வெள்ளை, ரோஸ், மஞ்சள்,
கார்பன் தாள் கிழியும்வரை,
அறை வெடித்து அடுத்த அறைக்குப் பறக்கும்வரை.
சில மட்டும் தோலிலிருந்து நரம்பைப் பிடித்தேறி
முதுகெலும்போர முடிச்சில்
விளக்கணைத்துப் படுத்தன.
படியெடுக்கவில்லை. பசிக்கவில்லை.
காவலுக்கு வந்த வெள்ளையணுக்களுக்குப்
பூட்டிய வீடாகத் தெரிந்தது.

நாற்பத்தாறு வருடம்.
நான் ஐந்தாம் படிவம் எழுதியதும்
ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதும்
லயத்தை இடித்ததும்
பாலிங் சாலையில் பூங்கோதையின் மோட்டார் சைக்கிளை
மரம் ஏற்றிய லோரி இழுத்துப்போனதும்,
எல்லாவற்றுக்கும் அது என் முதுகில்
தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

இன்று விடிகாலை மூன்று மணிக்குச்
சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்.
இந்த நீர்முத்துக்குள் இருப்பது
அவள் தொண்டையில் எடுத்த படியின்
படியின் படி.
அவளுடையது என்று இந்த வீட்டில்
அசைகிற பொருள் வேறு இல்லை.

தொடப்போன விரலை மடக்கிக்கொண்டேன்.

ஆலைக்குப் போன் போட்டாயிற்று.
பக்கத்து நாற்காலி யுகேஸ்வரிக்கு ஐந்து மாதம்,
அம்மை கண்டதேயில்லை, ஊசியும் போடவில்லை.
அவள் பேனாவும் என் பேனாவும் ஒரே டப்பாவில்.
கொப்புளம் காயும்வரை வரமாட்டேன் என்றேன்.
மேனேஜர் சம்பளப் பிடித்தம் பற்றிப் பேசினார்.

ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை, ஏழு நாள்.
படியெடுப்பதை நிறுத்துமாம்,
குடியிருப்பைக் காலி செய்யாதாம்.

சரி, படு.
வெளியே மட்டும் போகாதே.
ஆலைச் சங்கு ஊதிவிட்டது,
நான்காவது மாத்திரைக்கு
இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.