தூசி நீக்கம்

வடாலாவில், உப்பளம் பார்த்த இரண்டாவது மாடி.
மே மாதம். ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
படச்சுருளுக்குக் குளிர் வேண்டும், எனக்கல்ல.

தகர டப்பாவைத் திறந்ததும் காடி நெடி.
சுருளுக்கு வரும் நோய் அது.
முதலில் புளிக்கும், பிறகு சுருங்கும்,
பிறகு போர் நடந்ததற்கே சாட்சி இராது.

மூடியில் நீல மை:
சுருள் நான்கு. கான்வாய். அரபிக் கடல். பிப்ரவரி 43.
ஒலி இல்லை.

முதலில் பம்பாய்த் துறைமுகம்.
வயிற்றில் கித்தான் பட்டை கட்டிய கோவேறு கழுதையை
கிரேன் தூக்குகிறது.
தரை போனது தெரியாமல்
அது காற்றில் நடந்துகொண்டே இருக்கிறது
கப்பல் தளம் வரும்வரை.

வெட்டு.
நடுக்கடல். எண்ணெய்ப் பீப்பாய் போல ஒன்று
பின்பக்கமாக உருண்டு விழுகிறது.
நான் எண்ணுகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
கடல் வெளுத்து, தயங்கி, எழுகிறது.
சத்தமில்லாத வெடி,
யாரோ மாவு மூட்டையை உதறியதுபோல.
கீழே நீர்மூழ்கி இருந்ததா, சுருளுக்குத் தெரியாது.
செத்த மீன்கள் மேலே வந்தன.
ஒருவன் கயிறு கட்டி வாளியை இறக்குகிறான்,
ராத்திரிச் சாப்பாட்டுக்கு.

இனி என் வேலை.
மென்பொருளுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்திருக்கிறோம்:
ஒரு ஃபிரேமில் ஓரிடத்தில் இருந்து
அடுத்த ஃபிரேமில் அவ்விடத்தில் இல்லாத சிறியது எதுவோ
அது தூசி.

நல்ல விதிதான். மயிரிழை, பூஞ்சை,
எண்பது வருஷத்துக் கைரேகைத் துணுக்கு
எல்லாம் போய்விடும்.
ஆலாக்களும் போய்விட்டன.
கப்பலுக்குப் பின்னால் பறந்த கூட்டம் முழுவதும்.
வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.
பறவைகளைத் திருப்பிக் கொண்டுவரத்தான்
பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன்.

அப்போது பார்த்தேன்.
தூரத்தில் போகும் சரக்குக் கப்பல், இடமிருந்து மூன்றாவது.
அதன் விளிம்பிலிருந்து எள்ளளவு கறுப்பு ஒன்று
கீழே,
இன்னும் கீழே,
நீரில்.
பதினொரு ஃபிரேம். அரை நொடிகூட இல்லை.
பெரிதாக்கினால் கை போல ஒன்று பிரிகிறது.
இன்னும் பெரிதாக்கினால் வெறும் வெள்ளிமணல்.

மூட்டை விழுந்திருக்கலாம். கரிக்கூடை.
மூட்டை கையை விரிக்காது.

எந்தக் கப்பலும் வேகம் குறைக்கவில்லை.
வரிசையில் போகிறவன் நிற்கக்கூடாது, அது அப்போதைய விதி.
படமெடுத்தவன் பார்க்கவில்லை;
அவன் கேமரா திரும்பி
தேநீர் குடிக்கும் அதிகாரியிடம் போய்விட்டது.
அதிகாரி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.
பல்வரிசை மிகத் தெளிவு.

பெட்ணேகர் எட்டிப் பார்த்தார்.
'வெள்ளிக்கிழமை கொடுக்கணும். அது தூசிதான், விடு.'
அவர் கெட்டவரில்லை. அவர் மகளுக்குப் பரீட்சை.

துடைத்த பிரதியை மறுபடி ஓட்டினேன்.
அதில் அவன் விழவேயில்லை.
கப்பல் அப்படியே போகிறது,
அவன் மேல்தளத்தில் எங்கோ இருக்கிறான்,
பீடிக்கு நெருப்பு தேடுகிறான்,
கரை சேர்வான்.
எந்த ஆழியிலிருந்தும் யாரையும் மீட்காத எனக்கு
எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது இந்தப் புண்ணியம்.
ஒரு பட்டன்.

மணி ஏழாகி எல்லோரும் போனபின்
அவனைத் திருப்பி வைத்தேன்.
ஃபிரேம் ஃபிரேமாக, கையால், பதினொரு தடவை.
இனி யார் எப்போது ஓட்டினாலும் அவன் விழுவான்.
அதைச் செய்தவள் நான்தான்.

பிறகு ஆலாக்கள்.
அவற்றுக்கு இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: நீக்காமல் விட்ட குறைகள்.
அதில் நேரக் குறியீட்டை எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
'பறவைகள், மற்றும்' என்று எழுதி
நிறுத்திவிட்டு
கடைசி ஹார்பர் லைன் வண்டியைப் பிடிக்க ஓடினேன்.